ஒருமுறை எழுதிய எண்: உரையும் நிரலும் இணைந்த வரலாறு



பள்ளி ஆண்டறிக்கை எழுதிய அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மாணவர் எண்ணிக்கை என்ற ஒரே ஓர் எண் அந்த அறிக்கையில் எத்தனை இடங்களில் வருகிறது? தலைமையாசிரியரின் முன்னுரையில் வருகிறது. வகுப்புவாரி அட்டவணையின் கடைசி வரியில் வருகிறது. விழுக்காடு கணக்கிடும் இடத்திலெல்லாம் வகுக்கும் எண்ணாக மறைந்து நிற்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு அனுப்பும் கடிதத்திலும் பரிசளிப்பு விழா உரையிலும் மறுபடியும் வருகிறது. நடுவில் ஒரு குடும்பம் வேலை நிமித்தம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து, அண்ணனும் தங்கையும் பள்ளி மாறிச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இத்தனை இடங்களிலும் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் அறிக்கை தன்னோடு தானே முரண்படும்.

இதனைச் சின்னஞ்சிறு செய்தியென்று ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்படுகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகையில் அடங்குவன. அத்தகைய பள்ளியின் அறிக்கையில் இரண்டு பிள்ளைகள் கூடுவதும் குறைவதும் வெறும் எழுத்துப்பிழை ஆகாது.

கணினித் துறையில் இதற்கென ஒரு சொல் உண்டு. மாறி என்பார்கள். ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு, அதன்பின் மதிப்பை எழுதாமல் பெயரையே எழுதுவது. மதிப்பை ஓரிடத்தில் மாற்றினால் பெயர் வரும் இடமெல்லாம் மாறும். நிரலுக்குள் இது அரிச்சுவடிப் பாடம். ஆனால் நிரலுக்கு வெளியே, நாம் எழுதும் வாக்கியத்துக்குள்ளும் அதே மாறியைப் பயன்படுத்த முடியுமா? முடியும் என்று காட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஓலையைப் பார்த்து ஓலை எழுதும்போது கை தவறும். அடுத்தடுத்த படிகளில் அத்தவறே நிலைத்துவிடும். அச்சுக்கலை வந்த பின்னரும் இக்குறை தீரவில்லை என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து நல்ல சான்று. கடலோடிகளும் வானியலாளர்களும் காப்பீட்டுக் கணக்கர்களும் அன்று அச்சிட்ட கணித அட்டவணைகளையே நம்பியிருந்தனர். கணக்கிடுபவர் ஒருவர், அதைப் படியெடுப்பவர் இன்னொருவர், அச்சுக் கோப்பவர் மற்றொருவர். மூவரும் தத்தம் பங்குக்குப் பிழைகளைச் சேர்த்தனர்.

1821ஆம் ஆண்டில் சார்லஸ் பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும், இருவேறு கணக்கர்கள் தனித்தனியே கணக்கிட்ட வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். பிழைக்குமேல் பிழை. இந்தக் கணக்கையெல்லாம் நீராவி செய்யக் கூடாதா என்று பாபேஜ் சலித்துக்கொண்டது புகழ்பெற்ற செய்தி. 1834இல் டயோனிசியஸ் லார்ட்னர் எழுதிய நீண்ட கட்டுரையில் இன்னும் சுவையான தகவல் உண்டு. நாற்பது அட்டவணை நூல்களை எடுத்துப் பார்த்தால், அவற்றின் பதிப்பாளர்களே ஒப்புக்கொண்ட பிழைகள் மட்டும் 3,700 இருந்தனவாம். ஒப்புக்கொள்ளாதவை எத்தனையோ! டெய்லரின் மடக்கை அட்டவணைக்குப் பிழைதிருத்தம் ஒன்று 1832க்கான கடற்பயணப் பஞ்சாங்கத்தில் வெளிவந்தது. அந்தத் திருத்தத்தில் ஒரு பிழை. எனவே 1833க்கான பஞ்சாங்கத்தில் பிழைதிருத்தத்திற்குப் பிழைதிருத்தம் வந்தது. அதிலும் பிழை! 1834க்கான பஞ்சாங்கத்தில் மூன்றாம் தலைமுறைத் திருத்தம் வெளிவந்தது. மாணவர்களின் கட்டுரையேட்டைத் திருத்தி, திருத்தியதை மீண்டும் திருத்தும் நமக்கு இது சிரிப்பையும் வரவழைக்கும், பெருமூச்சையும் வரவழைக்கும்.

பாபேஜைக் கணினியின் தந்தை என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அவர் கணக்கிடும் பொறியோடு அச்சுப் பகுதியையும் சேர்த்தே திட்டமிட்டார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. என் பார்வையில் அவருடைய கூர்மதி அங்கேதான் வெளிப்படுகிறது. பொறி சரியாகக் கணக்கிட்டாலும் விடையை மனிதர் பார்த்து எழுதினால் பழைய கதைதான். ஆகவே அச்சுத்தகட்டுக்கான வார்ப்பையும் பொறியே பதிக்க வேண்டும் என்றார். அரசாங்கம் 1842இல் அவருடைய முதற்பொறிக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. 1840களின் இறுதியில் அவர் வரைந்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறி அவர் காலத்தில் உருப்பெறவே இல்லை. இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அதன் கணக்கிடும் பகுதியை 1991இல் கட்டி முடித்தது; அச்சுப் பகுதி நிறைவெய்த 2002 ஆயிற்று. இரண்டும் அவர் வரைந்தபடியே இயங்கின.

இனி மின்னணுக் கணினியின் காலத்துக்கு வருவோம். 1964இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் என்ற ஆராய்ச்சி மாணவர், தம் ஆய்வேட்டு முன்மொழிவை அச்சிட்டுக்கொள்ள ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். உரையைச் சாதாரண எழுத்துகளாகவே தட்டச்சு செய்ய வேண்டும். இடையிடையே புள்ளியில் தொடங்கும் வரிகள் வரும். அவை உரையாகா, பத்தி பிரி, பக்கம் மாற்று என்பன போன்ற கட்டளைகள். மனிதர் படிக்கும் வரியும் கணினிக்கான வரியும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் குடியிருந்தன. எளிய உரைக்கோப்பு என்று நாம் இன்று சொல்வதன் குணம் இதுவே: எந்தக் கணினியிலும் எந்தப் பதிப்பியிலும் திறந்து வெறுங்கண்ணால் படிக்கலாம்.

அதன் வழித்தோன்றல்கள் பெல் ஆய்வகத்தில் வளர்ந்தன. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் புதிய கணினி வாங்கப் பணம் கேட்டபோது, ஆவணங்களைத் தயாரிக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்து தருவோம் என்றே கேட்டனர். ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவினர் 1971இல் அதன் முதற்பயனர்கள் ஆயினர். அங்கே ஜோ ஒசானா எழுதிய டிராஃப் என்ற நிரல் 1973இல் வந்தது. அதில்தான் நம் கதைக்கு வேண்டிய பொருள் கிடைக்கிறது. எண்களை வைக்க ஒரு வகைப் பெட்டி, சொற்றொடர்களை வைக்க இன்னொரு வகைப் பெட்டி. பெட்டிக்குப் பெயரிட்டு மதிப்பை இட்டுவிட்டால், உரையின் எந்த வாக்கியத்திலும் அந்தப் பெயரால் மதிப்பை வரவழைக்கலாம். எண்பெட்டியின் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். உரைக்குள் மாறி நுழைந்துவிட்டது! ஆயினும் பெரிய கணக்கை அதனால் செய்ய இயலாது. கணக்கு வேறொரு நிரலில் நடக்கும். விடையைப் பார்த்துப் பெட்டியில் இடுவது மனிதரின் கை.

1979இல் வந்த விசிகால்க் என்ற, தனியாள் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருள் மறுமுனையிலிருந்து இதே சிக்கலைத் தொட்டது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கட்டங்களெல்லாம் தாமே மாறின. ஆசிரியர்களாகிய நாம் இன்றும் மதிப்பெண்களை விரிதாளில்தான் கூட்டுகிறோம். ஆனால் விரிதாளில் கணக்கு உண்டு, கட்டுரை இல்லை. விடையை வெட்டி எடுத்து அறிக்கையில் ஒட்டும் அந்த நொடியில் இரண்டுக்கும் இடையிலான உறவு அறுந்துபோகிறது.

இரண்டையும் ஒரே ஏட்டில் வைக்கத் துணிந்தவர் டொனால்ட் கனூத். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1977இல் தம் நூலொன்றின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகற்ற தோற்றம் கண்டு மனம் பொறாமல், டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலைத் தாமே எழுதத் தொடங்கினார். அந்த நிரலை எழுதும் முயற்சியில் பிறந்ததே வெப் என்ற முறை. (இன்றைய வையவிரிவு வலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1984இல் அதனை அவர் எழுத்தாக்க நிரலாக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். நிரல் என்பது முதலில் மனிதருக்கு எழுதும் கட்டுரை, பிறகுதான் பொறிக்கு இடும் கட்டளை என்பது அவர் கொள்கை. ஒரே கோப்பில் விளக்கமும் நிரலும் கலந்திருக்கும். நெய் என்று பொருள்படும் ஒரு கருவி அதிலிருந்து அச்சிடத்தக்க கட்டுரையைத் தரும். சிக்கலாக்கு என்று பொருள்படும் மற்றொரு கருவி பொறிக்குரிய நிரலைப் பிரித்துத் தரும். நூல் என்ற ஒரே சொல்லில் இழையையும் புத்தகத்தையும் குறிக்கும் தமிழருக்கு இந்த உவமை அயலானதன்று.

இவ்வளவு செய்த கனூத்தின் முறையிலும் ஒரு பாதை ஒருவழிப் பாதையாகவே இருந்தது. கட்டுரையிலிருந்து நிரல் வெளியே சென்றது. நிரல் ஓடி முடித்துக் கண்ட விடை, கட்டுரைக்குள் திரும்பி வரவில்லை.

திரும்பி வர வேண்டும் என்ற தேவையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் கணினியியலார் அல்லாத ஒருவர் இருந்தார் என்பது எனக்கு வியப்பளிக்கிறது. அதே ஸ்டான்ஃபோர்டின் புவி இயற்பியலர் ஜான் கிளேர்பௌட். அவருடைய குழு நில அதிர்வலைகளைக் கொண்டு பூமிக்கடியில் இருப்பதைப் படமாக்கியது. பட்டம் பெற்ற மாணவர் ஆய்வகத்தை விட்டுச் சென்றபின் அவருடைய கட்டுரையில் உள்ள படத்தை மீண்டும் உருவாக்க யாராலும் முடிவதில்லை. சில மாதங்கள் கழித்து, படத்தை உருவாக்கியவராலேயே முடிவதில்லை. 1990களின் தொடக்கத்தில் கிளேர்பௌட் ஒரு நெறியை வகுத்தார். ஆய்வறிக்கையில் உள்ள படங்களை, அவற்றுக்குரிய தரவிலிருந்தும் நிரலிலிருந்தும் ஒரே கட்டளையில் மீண்டும் பிறப்பிக்க முடிய வேண்டும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற பழைய கருவி இதற்குப் பின்னாளில் கைகொடுத்தது. எது எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், மாறியதைச் சார்ந்தவற்றை மட்டும் அது புதுப்பிக்கும்.

படம் வந்தாயிற்று. வாக்கியத்தின் நடுவே வரும் எண்? அதற்குப் புள்ளியியலார் வழி கண்டனர். கனூத்தின் முறையை எளிமையாக்கி நார்மன் ராம்சி 1989இல் நோவெப் என்ற கருவியை எழுதியிருந்தார். வியன்னாவில் ஃபிரீட்ரிஷ் லைஷ் என்ற புள்ளியியலர் அதன் குறியீட்டு முறையைக் கடன் வாங்கி, ஆர் என்ற புள்ளியியல் மொழிக்காக 2002இல் ஸ்வீவ் என்ற கருவியை வெளியிட்டார். கட்டுரையின் ஒரு பகுதியில் நிரல் துண்டு சராசரியைக் கணக்கிட்டு ஒரு மாறியில் வைக்கும். மூன்று பக்கம் கழித்து வரும் வாக்கியத்தில், எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மாறியின் பெயர் மட்டும் இருக்கும். அச்சிடும்போது பெயர் மறைந்து மதிப்பு வந்து அமரும். தரவு மாறினால் வாக்கியமும் மாறும். மடக்கை அட்டவணைக்காரர்களிடம் இது இருந்திருந்தால் பஞ்சாங்கத்தில் பக்கங்கள் மிச்சமாகியிருக்கும்! 2012இல் யிஹுயி சியே என்ற ஆய்வு மாணவர் நிட்டர் என்ற கருவியால் இதனை மேலும் எளிதாக்கினார். ஜான் குருபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் என்ற எளிய எழுத்துமுறை அதனோடு சேர்ந்தபோது, லேடெக் அறியாதவர்களும் இவ்வாறு எழுதத் தொடங்கினர்.

இவ்விடத்தில் 2013இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் இரு புகழ்பெற்ற பொருளியலர்கள், கடன்சுமை மிகுந்த நாடுகளின் வளர்ச்சி பற்றி 2010இல் ஒரு கட்டுரை எழுதினர். நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடாக இருக்கும் என்பது அதில் கண்ட முடிவு. பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக அக்கட்டுரை எடுத்துக்காட்டப்பட்டது. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைச் செய்து பார்த்தார், விடை வரவில்லை. ஆசிரியர்களிடமிருந்து விரிதாளைக் கேட்டு வாங்கினார். சராசரிச் சூத்திரம் ஐந்து வரிகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. தரவுத் தேர்விலும் எடையிடும் முறையிலும் இருந்த வேறு மாறுபாடுகளையும் சேர்த்துத் திருத்தியபோது விடை 2.2 விழுக்காடு என்று அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் காட்டினர். நேர்மையாகச் சொன்னால், எளிய உரையில் எழுதியிருந்தால் மட்டும் இப்பிழை நேராமல் இருந்திருக்கும் என்று கூற முடியாது. ஆனால் விரிதாளில் சூத்திரம் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது; உரைக்கோப்பில் அது எல்லாரும் படிக்கும் ஒரு வரியாக நிற்கிறது. அந்த மாணவர் கேட்டு வாங்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

நான் பயன்படுத்துவது இக்குடும்பத்தின் இன்னொரு கிளை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலர் கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள 2003இல் ஈமேக்ஸ் பதிப்பிக்காக ஆர்க் மோடு என்ற துணைநிரலை எழுதினார். எளிய உரையில் நேர்க்கோடுகளால் அட்டவணை வரையலாம். அந்த அட்டவணையே விரிதாள்போல் கணக்கும் செய்யும். பின்னர் எரிக் ஷூல்ட், டான் டேவிசன் ஆகியோர் பாபெல் என்ற பகுதியைச் சேர்த்தனர். 2010இல் அது ஆர்க் மோடின் உள்ளங்கமாயிற்று. 2012இல் நால்வர் சேர்ந்து அதனை விளக்கி எழுதிய ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் ஹவாயைச் சேர்ந்த தொல்லியலர். வானியல், தொல்லியல், புவியியற்பியல்... தாம் கண்டதைப் பிறருக்குத் தவறின்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள்தாம் இத்துறையை வளர்த்திருக்கின்றனர்.

பாபெலின் சிறப்பு, மொழிகளுக்கிடையே மதிப்பைக் கைமாற்றுவது. அட்டவணைக்கு ஒரு பெயர் சூட்டுகிறேன். அதன்கீழ் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் துண்டு, அந்தப் பெயரைத் தன் மாறியின் மதிப்பாக ஏற்றுக்கொள்கிறது. வேண்டுமானால் அதன் விடையை ஆர் மொழியில் எழுதிய வேறொரு துண்டு வாங்கிக்கொள்ளும். வாக்கியத்தின் நடுவிலும் ஒரு வரி நிரலைப் பதித்து விடையை அங்கேயே பெறலாம். கணக்கே தேவைப்படாத பெயர், தேதி போன்றவற்றுக்கு மேக்ரோ உண்டு: கோப்பின் தலைப்பில் ஒருமுறை பெயரும் மதிப்பும் எழுதிவிட்டு, உரையில் அந்தப் பெயரை மும்மூன்று நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இட்டால் போதும். ஆறு வகுப்புகளின் எண்ணிக்கை ஓர் அட்டவணையில் இருக்கிறது. மொத்தம், விழுக்காடு, முன்னுரை வாக்கியம், சங்கக் கடிதம் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிறர் அனுப்பிய கோப்பில் உள்ள நிரல் நம் கணினியில் எதையும் செய்யக்கூடும். அதனால்தான் நிரலை இயக்குமுன் ஆர்க் மோடு நம்மிடம் ஒப்புதல் கேட்கிறது. அந்தக் கேள்வியைத் தொல்லையென்று அணைத்து வைப்போரை நான் அறிவேன், அது நல்லதன்று.

ஜூப்பிட்டர் குறிப்பேடு (2014 முதல் இப்பெயரில் வழங்குவது), 2022இல் வெளிவந்த குவார்ட்டோ முதலியன இன்று பலரிடம் செல்வாக்குப் பெற்றவை. குவார்ட்டோ எளிய உரையாகவே கோப்பை வைத்திருக்கிறது. ஜூப்பிட்டர் கோப்பும் எழுத்துகளால் ஆனதே என்றாலும் வெறுங்கண்ணால் படிக்க ஏற்றதன்று. எனக்கு இது முக்கியம். காரணம் தமிழ்.

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் நாங்கள் தமிழில் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டில் அமைந்தவை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரோமன் எழுத்துகளும் விந்தைக் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழுக்கு ஒருங்குறியில் 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. அது நம் மேசைக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. திஸ்கி, தாம், தாப் என்று குறியீடுகள் பல இருந்த அந்நாளின் கோப்புகளை மாற்றியால் ஒருங்குறிக்குக் கொணரலாம். எழுத்து மீளும். ஆனால் அந்தந்த மென்பொருளின் தனி வடிவத்தில் அடைபட்ட அட்டவணைச் சூத்திரங்கள் எல்லாம் மீள்வதில்லை. ஒருங்குறியில் எழுதிய எளிய உரைக்கு இந்தக் கவலை இல்லை.

மாறியின் பெயரையும் தமிழில் எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு அதற்கு இடம் தருகிறது. மாணவர்_எண்ணிக்கை என்று அப்படியே எழுதலாம். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் ஏற்கப்படுகின்றன. இரண்டாம் பதிப்பில் இது இயலாது. ஆர்க் மோடின் மேக்ரோவோ இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அதன் பெயர் உரோமன் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடையில் வருபவையும் உரோமன் எழுத்துகளாக, எண்களாக, சிறுகோடுகளாகவே இருக்க வேண்டும். ஆகவே என் கோப்பில் அட்டவணை தமிழ், நிரலின் மாறி தமிழ், வாக்கியம் தமிழ். பள்ளியின் பெயரை வரவழைக்கும் அந்த அடைப்புக்குறிகளுக்குள் மட்டும் நான்கு உரோமன் எழுத்துகள் இருக்கின்றன.